நெஞ்சில் ஏற்றிய ஸ்டெப்னி

இருபத்தைந்து வருடமாகக் கொடைக்கானலில் டாக்சி ஓட்டுகிறேன். வத்தலக்குண்டில் டீக்கு நிறுத்தும்போதே வண்டியில் வருகிறவர்களிடம் ஒரு வசனம் சொல்லிவிடுவேன். "ஸ்வெட்டரு, மப்ளரு எல்லாம் டிக்கில இருந்தா இப்பவே எடுத்து மடியில வச்சுக்கங்க. பெருமாள்மலை வந்ததும் குளிரு ஏறும். அப்புறம் நடுங்கிக்கிட்டு என்னையச் சொல்லாதீங்க." கேட்கிறவன் வேர்வையைத் துடைத்துக்கொண்டே சிரிப்பான். மேலே போய்ப் பல் தந்தியடிக்கும்போது, "கரெக்டா சொன்னீங்கண்ணே" என்பான். எனக்கு அதில் ஒரு பெருமை. அந்த வசனம்தான் கடைசியில் என்னையே கொல்லப் பார்த்தது.

எனக்குக் குடலில் கட்டி வந்தது. மதுரையில் வெட்டி எடுத்தார்கள். பிறகு ஆறு மாதம் கீமோ. என் கையில் நரம்பு அகப்படுவது பெரும்பாடு என்பதால், வலது பக்கம் காறை எலும்புக்குக் கீழே தோலுக்கு அடியில் ஒரு சின்ன டப்பாவை வைத்துத் தைத்தார்கள். அதிலிருந்து ஒரு குழாய் ரத்தக்குழாய்க்குள் இறங்கி இதயத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். மருந்து ஏற்றும்போது அந்த டப்பாவில் ஊசியைக் குத்தினால் போதும். போர்ட் என்பார்கள். டிரைவர் சீட் பெல்ட் சரியாக அதன்மேல்தான் வந்து அழுத்தும். துண்டை நாலாக மடித்து நடுவில் செருகிக்கொண்டு ஓட்டுவேன்.

எனக்கு ஏற்றிய மருந்துக்குக் குளிர் ஆகவே ஆகாது. ஏற்றிய நாலைந்து நாளைக்குச் சில்லென்று எதைத் தொட்டாலும் கரண்டு அடித்த மாதிரி விரல் சுண்டும். "குளிர்ந்ததைத் தொடாதீங்க, குடிக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். கொடைக்கானல்காரனிடம் சொல்கிற பேச்சா இது? வாசல் கதவுக் கொண்டி குத்தியது, பால் பாக்கெட் குத்தியது, ஸ்டியரிங் குத்தியது. தொண்டைக்குள் போகிற காற்றே குத்தியது. அந்த ஆறு மாதத்தில் உடம்பில் எது நடந்தாலும் குளிர்மேல் பழியைப் போட்டுப் பழகிவிட்டேன்.

என் மனைவி பூம்பாறைக்காரி. இங்கே ஒரு பள்ளிக்கூட விடுதியில் சமையல் வேலை பார்க்கிறாள். நான் படுத்துக் கிடந்த காலத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸும் எடுத்தாள். நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து விடுதிக்கு, அங்கிருந்து மார்க்கெட்டுக்கு, அவ்வளவுதான் அவளுடைய ரூட். உங்கள் ஊர்ப் பூண்டு மூட்டை ஏற்றிய கழுதை மாதிரி போகிறாய் என்று கேலி பண்ணுவேன். "கழுதை இதுவரைக்கும் எங்கயாச்சும் இடிச்சிருக்கா?" என்று திருப்பிக் கேட்பாள்.

கீமோ முடிந்து ஸ்கேன் பார்த்தார்கள். "சுத்தமா இருக்கு. போர்ட்ட எடுத்துரலாம். சின்ன வேலைதான்" என்றார் டாக்டர்.

"இருக்கட்டும் சார்" என்றேன்.

"வச்சிருந்தா மாசாமாசம் வந்து மருந்து தள்ளிக் கழுவணும். இல்லைன்னா அடைச்சுக்கும்."

"வந்துர்றேன் சார்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. எங்கள் ஸ்டாண்டில் எவனை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சொல்வான். லக்கேஜ் அதிகம் என்று ஸ்டெப்னியை இறக்கி வீட்டில் வைத்துவிட்டுப் போகிற அன்றைக்குத்தான் டயர் வெடிக்கும். ஸ்டெப்னி பின்னால் கிடக்கிறவரை ஒரு முள்கூடக் குத்தாது. நெஞ்சில் அந்த டப்பா இருக்கும்வரை நோய் திரும்பாது, எடுத்த மறுமாதமே வந்து நிற்கும் என்று எனக்குள் ஒரு பயம் ஆணியடித்து உட்கார்ந்துவிட்டது. பயத்துக்கு நியாயம் கேட்க முடியுமா?

வெளியே வந்ததும் கூட வந்திருந்த இவள் பிடித்துக்கொண்டாள். "முடிஞ்ச சோலிக்கு எதுக்குங்க டப்பா? அந்நியப் பொருளு உள்ள கெடக்கு. எடுங்க."

"அது என் ஸ்டெப்னி. ஒனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம வா."

"எனக்குத் தெரியாதா? ஆறு மாசம் வாந்திப் பக்கெட்டு கழுவுனது யாரு?"

அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத மாட்டேன். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

முதல் இரண்டு மாதம் ஒன்றும் இல்லை. போவேன், கழுவிவிட்டு வருவேன். மூன்றாவது மாதம் கழுவிவிட்டு ஏறும்போது பெருமாள்மலையில் பல் ஆடியது. குளிர் அல்லவா? கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கம்பளியைப் போர்த்திப் படுத்தேன். இவள் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். ராத்திரி வேர்த்துக் கொட்டியது. காலையில் எழுந்து சவாரிக்குப் போய்விட்டேன்.

நாலாவது மாதம் நர்ஸ் ஊசியைக் குத்தி இழுத்துப் பார்த்தது. "கொஞ்சம் இறுக்கமா இருக்கேண்ணே" என்றது. பிறகு, "போன தடவ கழுவிட்டுப் போனதுக்கப்புறம் காய்ச்சல் கீச்சல் வந்துச்சா?" என்று கேட்டது.

"இல்லைம்மா" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. எனக்கு வந்தது குளிர், காய்ச்சல் இல்லை. என் கணக்கில் அது ஊர்ச் சமாச்சாரம். கீழே போய்விட்டு மேலே வருகிறவனுக்கெல்லாம் வருவதுதான். இதைப் போய் ஆஸ்பத்திரியில் சொல்வார்களா? அந்தப் பிள்ளை ஒரு சீட்டைக் கையில் கொடுத்து, "நடுக்கம் வந்தா இந்த நம்பருக்கு அடிங்க" என்றது. வாங்கி ஃபைலில் செருகினேன். அன்றைக்கும் பெருமாள்மலையில் நடுங்கியது. இந்தத் தடவை வண்டியை ஓரம் கட்டிப் பத்து நிமிடம் நின்ற பிறகுதான் ஓட்ட முடிந்தது. வீட்டில் அதைச் சொல்லவில்லை.

ஐந்தாவது மாதம். மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு வருகிற வெள்ளிக்கிழமை. சவாரி குவியும் நாள் என்பதால் வெள்ளனே கிளம்பிப் போய்க் கழுவிவிட்டுத் திரும்பினேன். வத்தலக்குண்டில் டீக்கு நிறுத்தினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. பக்கத்தில் ஒருவர் சட்டைப் பித்தானைக் கழற்றிவிட்டுப் பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார். எனக்கு முதுகுத்தண்டில் ஐஸ் தண்ணீரை ஊற்றின மாதிரி இருந்தது. டீ கிளாஸ் ஆடிக் கையெல்லாம் சுட்டது. டீக்கடைக்காரர் பார்த்தார். "என்னண்ணே, ஒடம்பு சரியில்லையா?" என்றார். "ஆஸ்பத்திரி ஏசி ஒத்துக்கல" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன். சமவெளியிலும் எனக்கு ஒரு குளிரைக் கண்டுபிடித்துவிட்டேன், பாருங்கள்!

நல்ல வேளை, வண்டியில் சவாரி இல்லை. டம்டம் பாறை தாண்டியதும் கை ஸ்டியரிங்கில் நிற்கவில்லை. இரண்டு முழங்கையையும் அதன்மேல் ஊன்றி ஓட்டினேன். வெள்ளி நீர்வீழ்ச்சிக்குக் கீழே வண்டிகள் சேரத் தொடங்கியிருந்தன. இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் அதற்குள் மாட்டியிருப்பேன்.

வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்கியதும் கால் மடங்கியது. இவள் ஓடிவந்து தாங்கினாள். உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்து மூன்று கம்பளியைப் போர்த்தினாள். கட்டில் சுவரில் இடித்து டக டகவென்று சத்தம் போட்டது.

"ஒண்ணுமில்ல, குளிரு ஏறிருச்சு" என்றேன்.

"எங்க ஆரம்பிச்சது?"

"வத்தலக்குண்டுல."

அவள் கை நின்றது. "வத்தலக்குண்டுல ஏதுங்க குளிரு?"

"ஆஸ்பத்திரி ஏசி..."

"ஆஸ்பத்திரிய விட்டு ஒண்ணேகால் மணி நேரம் கழிச்சா ஏசி பிடிக்கும்?"

இருபத்தைந்து வருடத்தில் வத்தலக்குண்டில் ஸ்வெட்டர் போட்டவனை நான் பார்த்ததில்லை. அந்த நிமிடம்தான் எனக்குப் பயம் வந்தது.

டிவி ஸ்டாண்டில் கிடந்த தெர்மாமீட்டரை எடுத்து வைத்தாள். நூற்று மூன்று புள்ளி நாலு. நர்ஸ் கொடுத்த சீட்டையும், மறைத்து வைத்திருந்த போன மாத நடுக்கத்தையும் அப்போதுதான் அவளிடம் சொன்னேன். ஃபைலைக் கட்டிலில் கவிழ்த்து அந்தச் சீட்டைத் தேடி எடுத்தாள். போன தடவை நடுக்கம், அதற்கு முந்தின தடவை நடுக்கம், எல்லாவற்றையும் போனில் ஒப்பித்தாள். அந்தப் பக்கம் பேசியவர், "இப்பவே கிளம்புங்க. காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. போற வழில பக்கத்து ஆஸ்பத்திரில பிரஷர் பாத்து ஒரு ஊசி போட்டுட்டு வாங்க" என்றார்.

அவள் ஓட்டிக் கொண்டுபோன பக்கத்து ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த டாக்டர், "ரொம்ப எறங்கியிருக்கு" என்றார். ஊசி போட்டு ஒரு பாட்டில் குளுக்கோஸை வேகமாக ஏற்றினார்கள். ஆம்புலன்ஸுக்குச் சொன்னால், காலையில் மதுரைக்குப் போன வண்டி மேலே வரும் வழியில் ஜாமில் நிற்கிறதாம். இரண்டு மணி நேரம் ஆகலாம் என்றார்கள். "இவரால ரெண்டு மணி நேரம் காத்திருக்க முடியாதும்மா. கார் இருந்தா கெளம்பிருங்க" என்றார் டாக்டர்.

இவள் எங்கள் ஸ்டாண்டு டிரைவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் அடித்தாள். எல்லோரும் சவாரியில். அதே ஜாமில்.

"நானே ஓட்டுறேன்" என்று எழுந்து சாவியை எடுத்தேன். சாவி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தாள். என்னிடம் கொடுக்கவில்லை.

"நீயா? மலையில நீ ஒரு தடவகூட எறங்கினதில்ல."

"நீங்களும்தான் இதுக்கு முன்னாடி செத்ததில்ல. ஏறுங்க."

பின்சீட்டில் படுத்தேன். கிளம்புவதற்கு முன் அவள் என் போனை எடுத்து ஸ்டாண்டு வாட்ஸ்அப் குரூப்பில் பேசினாள். "அண்ணே, எல்லாருக்கும் வணக்கம். நம்ம வண்டி கீழ எறங்குது. அவருக்குப் போர்ட்ல கிருமி புடிச்சு ரத்தத்துல ஏறியிருக்கும்ங்கிறாங்க. நூத்தி மூணு காய்ச்சல். நாந்தான் ஓட்டுறேன், எனக்கு மலை ரோடு பழக்கமில்ல. யாரு எங்க நின்னாலும் கொஞ்சம் வழி பண்ணுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

எனக்கு மானமே போயிற்று. என் வீட்டுக்காரி ஊரிடம் வழி கேட்கிறாள்! கோபத்தில் எதையோ கத்தினேன். பல் ஆடியதில் எனக்கே என் பேச்சு விளங்கவில்லை.

டோல்கேட் தாண்டி இறக்கம் தொடங்கியது. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினாள். "செகண்டு போடு! பிரேக்குல நிக்காதே, சூடாகிரும்!" என்றேன். போட்டாள். அடுத்த வளைவில் அகலமாகப் போய்விட்டாள். எதிரே பஸ் ஹாரன் நெஞ்சுக்குள் கேட்டது. "உள்ள புடிடி, உள்ள!" என்று கத்தினேன்.

வண்டியை நிறுத்தினாள். திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் வேர்வை. "இங்க பாருங்க. எனக்கும் கை நடுங்குது. எனக்குக் குளிரு இல்ல, பயம். நீங்க கத்துற ஒவ்வொரு தடவையும் எனக்குக் கண்ணு இருட்டுது. உசுரோட போகணும்னா வாய மூடிட்டுப் படுங்க."

மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் வண்டிக்குள் நான் சும்மா இருந்தது அன்றைக்குத்தான். கண்ணை மூடி வளைவுகளை எண்ணினேன். ஒவ்வொரு வளைவும் எனக்கு உடம்பிலேயே தெரியும். இது பாறை வளைவு, இனி ஹாரன் அடிக்க வேண்டும் என்று நினைப்பேன். அடிப்பாள். பரவாயில்லையே என்று நினைப்பேன். உடனே அடுத்த நடுக்கம் வந்து எல்லாம் மறந்து போகும்.

வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு மேலே ஜாம் தொடங்கியது. ஏறுகிற வண்டிகள் ஒரு வரிசையில் நிற்காமல், முந்துகிறேன் என்று எங்கள் பக்கத்தையும் அடைத்துக்கொண்டு நின்றன. இவள் பிரேக் போட்டாள். நகரவில்லை. "வேலப்பா, வேலப்பா" என்று அவள் ஊர்ச் சாமியைக் கூப்பிடுவது கேட்டது. இங்கேயே முடிந்தது என்று நினைத்தேன். சாக நான் பயந்தேன், அதை மறைக்கப் போவதில்லை. கட்டியில் போகாமல், கழுவிக் கழுவி நானே வளர்த்த கிருமியில் போகிறேனே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

மலையில் ஒரு வழக்கம் உண்டு. ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குகிறவன் ஒதுங்கி நின்று அவனை விட வேண்டும். இதற்காக எத்தனை பேரை நான் வண்டியிலிருந்து இறங்கித் திட்டியிருக்கிறேன் தெரியுமா? ஜன்னலில் தலையைத் தூக்கிப் பார்த்தேன். எங்கள் ஸ்டாண்டுக்காரன் ஒருவன் தன் வண்டியை விட்டு இறங்கி, கழுத்துத் துண்டை எடுத்து வீசிக்கொண்டு, எதிரே நின்ற கார்களைத் தட்டித் தட்டி ஓரம் கட்ட வைத்துக்கொண்டிருந்தான். போன மாதம்தான் பார்க்கிங் தகராறில் அவன் சட்டையைப் பிடித்திருந்தேன். "ஏலே, ரிவர்ஸ் எடுடா! ஆள் சீரியஸா இருக்காருடா!" என்று ஒரு டிராவல்ஸ் வேன்காரனிடம் கத்தினான். எங்கள் ஜன்னலுக்கு வந்து இவளிடம், "மைனி, பதறாதீங்க. செகண்டுலயே போங்க. கீழ வளைவுல ஆள் நிக்கிறான்" என்றான். என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த வளைவில் இன்னொருவன் நின்றான். அதற்கடுத்ததில் இன்னொருவன். சுற்றுலா வந்தவர்களைச் சீட்டில் உட்கார வைத்துவிட்டு, துண்டும் கையுமாக. ஏறுகிற வண்டிகளெல்லாம் இறங்குகிற எனக்காக நின்றன. பெருமாள்மலை தாண்டும்வரை நான் அழுதுகொண்டே கிடந்தேன். அதற்கப்புறம் நினைவு விட்டு விட்டுத்தான் இருக்கிறது. இருட்டும்போது மதுரை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினாள். ஸ்டியரிங்கிலிருந்து அவள் விரல்களைப் பிரிக்க முடியவில்லை என்று வாட்ச்மேன் பிறகு சொன்னார்.

கையில் ஒரு ரத்தம், போர்ட்டில் ஒரு ரத்தம் எடுத்தார்கள். பெரிய டாக்டர் வந்தார். "கிருமி போர்ட்டுக்குள்ளதான் குடியிருக்குன்னு நெனைக்கிறோம். கழுவும்போதெல்லாம் நாமளே அத ரத்தத்துக்குள்ள தள்ளிவிட்டிருக்கோம். அதான் ஒவ்வொரு தடவையும் நடுக்கம். காலைல முதல் வேலையா எடுத்துரணும். முன்னாடியே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

அப்போதும் நான் கேட்டேன். மூக்கில் ஆக்சிஜன், கையில் இரண்டு பாட்டில், அந்த நிலையிலும் கேட்டேன். "எடுத்துட்டா திரும்ப வந்துராதா சார்?"

டாக்டருக்குப் புரியவில்லை. இவளுக்குப் புரிந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக் குனிந்தாள். "ஸ்டெப்னியே தீப்புடிச்சு வண்டி எரியுதுங்க. எறக்கி வீசுவீங்களா, கட்டிப் புடிச்சுக்கிட்டு நீங்களும் எரிவீங்களா?"

"பயமா இருக்கு" என்றேன். அவளிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"எனக்கும்தான்" என்றாள். "கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். மறுநாள் காலையில் மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தார்கள். வலி இல்லை, உள்ளே யாரோ கயிற்றை உருவுகிற மாதிரி இழுபட்டது. தட்டில் வைத்துக் காட்டினார்கள். இவ்வளவு நாள் நான் தாங்கித் தடவி வைத்திருந்த பொருள், தண்ணீர் பாட்டில் மூடி அளவு. பின்னால் ஒரு வெள்ளை வால். இதற்கா இந்தப் பாடு என்றிருந்தது.

இரண்டு வாரம் மருந்து ஏற்றினார்கள். ரத்தம் சுத்தமானதும் விட்டார்கள். கையைத் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் இவள்தான் ஓட்டினாள். நான் பக்கத்துச் சீட்டில். வத்தலக்குண்டில் டீ குடித்தோம். கிளாஸ் ஆடவில்லை. இரண்டு பேரும் அந்தக் கிளாஸையே பார்த்துக்கொண்டு குடித்தோம்.

பெருமாள்மலை வளைவில் மூடுபனி இறங்கியிருந்தது. ஜன்னல் வழியாகக் காற்று வந்து மோதியது. என் கை மயிர் சிலிர்த்தது. பல் ஒரு தடவை தந்தியடித்தது.

இவள் வண்டியை ஓரம் கட்டினாள். டேஷ்போர்டைத் திறந்து தெர்மாமீட்டரை எடுத்து என் நாக்குக்கு அடியில் வைத்தாள். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஏறி வந்த பஸ் எங்களைத் தாண்டிப் போனது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அது சத்தம் போட்டதும் பிடுங்கிப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். என்னிடம் காட்டினாள். தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு.

"குளிருதா?" என்றாள்.

"குளிருதும்மா."

"குளிரு மட்டுந்தானே?"

"குளிரு மட்டுந்தான்."

ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு, "ஊருக்கெல்லாம் சொல்லுவீங்களே, உங்க ஸ்வெட்டரு எங்க?" என்று கேட்டாள். டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் கிடந்தது. இறங்கிப்போய் அவளே எடுத்துவந்து தையல் இழுபடாமல் போட்டுவிட்டாள். வண்டியை எடுத்தாள். அடுத்த வளைவில் செகண்டு போட வேண்டிய இடத்தில் மூன்றிலேயே போனாள், வண்டி திணறியது. நான் வாயைத் திறக்கவில்லை.